பத்துக்கு எத்தனை பயம்

பேருந்துப் பணிமனை வாசலில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிக்கொண்டிருந்தவளைப் பற்றித்தான் இது. டைம் கீப்பர் வேலை. ஓட்டுநர்கள் அவளுக்கு முள்ளம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் கடிகார முள்ளைச் சொன்னோம் என்பார்கள். காலில் குத்துகிற முள்ளைத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

"ஒரு நிமிஷம்தானேம்மா, கண்டுக்காம விடுங்க" என்று யாராவது குழைந்தால், "அது உன்னோட நிமிஷம். அதை நான் வாங்கி எங்கே வச்சுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அப்படியே எழுதுவாள்.

இப்படி வண்டிக்கு வண்டி ஒத்துப் பார்த்துப் பழகிய கண், வேலை முடிந்ததும் சும்மா இருக்குமா? வங்கியில் வரிசையில் நின்றால் பக்கத்து வரிசையில் ஒரு ஆளைக் குறித்துக்கொள்வாள். அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் அவளுக்கு முன்னால் ஜன்னலை அடைந்துவிட்டால் அன்று முழுக்க முகம் தூக்கிவைத்தபடி இருக்கும். எதிர்வீட்டுத் துணி முதலில் காய்ந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது.

இந்த முள்ளம்மாவுக்கு நாற்பத்தேழாவது வயதில் லிஃப்ட் என்றால் பயம் வந்தது. ஏதோ ஒரு கையெழுத்துக்காக ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்துக்குப் போனவள், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். விளக்கும் அணைந்துவிட்டது. கூட இருந்தது ஒரே ஒரு ஆள், சுருட்டிய மெத்தையோடு. முதல் ஐந்து நிமிஷம் அவர் கதவைத் தட்டினார். ஆறாவது நிமிஷம் மெத்தையை மூலையில் சாய்த்து, அதில் தலையை வைத்துத் தூங்கிப்போனார். மீதி முப்பத்தெட்டு நிமிஷமும் இருட்டில் அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு முள்ளம்மா நின்றாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் மனசு ஆறாமல் போனது வேறொன்றுக்காக. அதே லிஃப்ட், அதே இருட்டு. அவருக்கு மட்டும் எப்படித் தூக்கம் வந்தது?

அன்றிலிருந்து லிஃப்டைக் கண்டாலே ஒதுங்கிப் போனாள். ஒன்றிரண்டு மாடி என்றால் படியேறிச் சமாளித்தாள். வம்பு அக்கா வீட்டால் வந்தது. அக்கா புதுவீடு வாங்கி ஒன்பதாவது மாடிக்குக் குடிபோயிருந்தாள். ஒன்பது மாடி ஏற முள்ளம்மாவின் முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் அக்காதான் கீழே இறங்கி வருவாள். ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசுவார்கள். முள்ளம்மாவின் வீட்டுக்காரர் மட்டும் மேலே போய், எல்லா அறையையும் பார்த்து, டீ குடித்துவிட்டு வருவார்.

பதினோரு மாசம் பொறுத்த அக்கா ஒருநாள் வெடித்துவிட்டாள். "என் வீட்டுக்கு வாடின்னா வாட்ச்மேன் வீட்டுக்கு வந்த மாதிரி இங்கேயே உக்காந்துட்டுப் போற. சமையல்கட்டை எவ்வளவு ஆசையாப் போட்டேன் தெரியுமா? இனிமே நான் கீழ இறங்க மாட்டேன். பாக்கணும்னா மேல வா."

முள்ளம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். அவர் மெஷின் சரிசெய்து கொடுத்த ஒரு அம்மாவின் மகள் மனநல ஆலோசகர். வியாழக்கிழமைதோறும் பயம் போவதற்கு ஒரு குழு நடத்துகிறாள் என்று விசாரித்துவந்து சொன்னார்.

"குழுவா? எல்லாரும் சேர்ந்து பயப்படணுமா?"

"போய்த்தான் பாரேன்" என்றார் அவர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது. முள்ளம்மா படியேறினாள். உள்ளே வட்டமாக ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடக்கும் மின்விசிறி, நடுவில் ஒரு முக்காலியில் கண்ணீர் துடைக்கக் காகிதப் பெட்டி. ஆலோசகர் சின்னப் பெண்தான். முதல் வேலைக்கு வந்தவர்களுக்கே உரிய சுத்தமான கையெழுத்து, சுத்தமான நோட்டு. முள்ளம்மாவைத் தவிர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒருவர் பல் டாக்டர். அவருக்குப் புறா என்றால் பயம். ஊரார் வாயில் எல்லாம் அச்சமில்லாமல் குறடு விடுகிற மனுஷன், ஜன்னலில் புறா முனகினால் நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு மேஜைக்கடியில் போய்விடுவாராம். இன்னொருத்தி கேக் கடை வைத்திருக்கும் இளம்பெண். அவளுக்குப் பலூன் ஆகாது. பிறந்தநாள் கேக் வாங்க வருகிறவர்கள் எல்லாம் கையில் பலூனோடுதான் வருவார்கள் என்பதால் அவள் பிழைப்பே நடுக்கத்தில் ஓடியது. மூன்றாமவர் பூட்டு ரிப்பேர்க்காரர், அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். போன் மணி அடித்தால் அவருக்குக் கை விறைத்துவிடும். பூட்டைத் திறக்கச் சொல்லி ஊரே கூப்பிடும் எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிவைத்துவிட்டு, மணி அடித்ததும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாராம். மனைவிதான் எடுத்துப் பேசுவாள்.

ஆலோசகர் சொன்னாள்: "வாரா வாரம் நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். பத்துக்கு எத்தனை பயம்? சும்மா மனசுல தோணுற நம்பரைச் சொல்லுங்க. இது பரீட்சை இல்ல."

நம்பர் சொல்லச் சொன்ன பிறகு பரீட்சை இல்லை என்றால் முள்ளம்மா நம்புவாளா? கேக் கடைக்காரி பத்து என்றாள். டாக்டர் எட்டு. முள்ளம்மா ஒன்பது. பூட்டுக்காரர் கொஞ்சநேரம் யோசித்தார். "அரை வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்."

"அப்ப ஏழரை."

முள்ளம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் ஏழரையைத் தானே வாயால் சொல்கிறாரே மனுஷன் என்று நினைத்தாள்.

இரண்டாவது வாரம் டாக்டர் ஏழு என்றார். கேக் கடைக்காரி எட்டு என்றாள். ஒரே வாரத்தில் இரண்டு இறக்கம். முள்ளம்மா அதே ஒன்பது. பூட்டுக்காரர் அதே ஏழரை. அன்று வீட்டுக்கு வந்ததும் முள்ளம்மா கைப்பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்தாள்.

"அந்தக் கேக் பொண்ணு பத்துன்னு ஆரம்பிச்சுதே, அங்கதாங்க சூட்சுமம். மேல ஏறி நின்னுக்கிட்டா இறங்குறது சுலபம் பாருங்க. நானும் பத்துன்னு சொல்லியிருக்கணும்."

"உன் பயம் என்ன ஆச்சு?"

"அது அப்படியேதான் இருக்கு."

"அதைப் பாக்கத்தானே போனே?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் முள்ளம்மா. "அந்தப் பூட்டுக்காரர் மட்டும் இல்லேன்னா நான்தான் கடைசி." பூட்டுக்காரரை நினைத்ததும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. நல்ல மனுஷன், அசையவே மாட்டேன் என்கிறார்.

மூன்றாவது வாரத்துக்குள் முள்ளம்மா நிஜமாகவே ஒரு காரியம் செய்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் லிஃப்ட் வாசலில் நின்று, பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்தது. உள்ளே இரண்டு பேர் இவளையே பார்த்தார்கள். "தெரியாம அமுக்கிட்டேங்க, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் படிப்பக்கம் ஓடினாள். ஓடினாலும், பொத்தானை அமுக்கிவிட்டோமே என்று பெருமையாகத்தான் மேலே வந்தாள்.

ஆனால் அவளுக்கு முன்னால் கேக் கடைக்காரியின் முறை. தன் கையாலேயே ஒரு பலூனை ஊசியால் குத்தினேன் என்றாள் அவள். ஆறு. டாக்டர், ஒரு புறாவுக்கு எதிரே பத்து நிமிஷம் உட்கார்ந்தேன், அதுதான் முதலில் எழுந்து போனது என்றார். அவரும் ஆறு. எல்லோரும் கை தட்டினார்கள். ஆலோசகர் அவர்களைப் பார்த்து, பல் எல்லாம் தெரிகிற மாதிரி சிரித்தாள். போன வாரம் தனக்குக் கிடைத்தது உதட்டோடு நின்ற சிரிப்பு என்பது முள்ளம்மாவுக்கு நினைவுக்கு வந்தது.

"நீங்க சொல்லுங்க" என்றாள் ஆலோசகர்.

பொத்தானை அமுக்கினேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஏறிட்டேன்" என்று வந்தது.

"நிஜமாவா? எத்தனை மாடி?"

"ரெண்டு" என்றாள் முள்ளம்மா. கை தட்டினார்கள். அந்த முழுச் சிரிப்பு அவளுக்கும் கிடைத்தது.

ஒரு நிமிஷத் தாமதத்தைக்கூடப் பொய்யாக எழுதாதவள், அடுத்த மூன்று வாரத்தில் சொன்ன பொய்களை வரிசையாக நிறுத்தினால் பணிமனை கொள்ளாது. நாலு மாடி ஏறினாள். ஏழு மாடி ஏறினாள். டாக்டர் உள்ளங்கையில் தானியம் வைத்துப் புறாவுக்கு ஊட்டினேன் என்ற வாரத்தில், முள்ளம்மா போன லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், அழுத ஒரு பெரியவரை இவள்தான் தேற்றினாள். கேக் கடைக்காரி கடை முழுக்க எழுபது பலூன் கட்டி அதற்குக் கீழே நின்று கேக் வெட்டினேன் என்றதும், முள்ளம்மா கண்ணை மூடிக்கொண்டு பதினாலாவது மாடிக்குப் போய்விட்டாள். பொய் கச்சிதமாக இருக்கவேண்டும் என்று பணிமனை எலக்ட்ரீஷியனைப் பிடித்து, லிஃப்ட் நின்றால் என்ன சத்தம் வரும், எந்த விளக்கு எரியும் என்று கேட்டுவைத்திருந்தாள். ஆறாவது வாரம் டாக்டர் ஒன்றரை, கேக் கடைக்காரி இரண்டு, முள்ளம்மா இரண்டு.

பூட்டுக்காரர் அந்த வாரம் வெகுநேரம் யோசித்து, "ஏழு" என்றார்.

மூன்று பேரும் அவரைத் தேற்றினார்கள். அரை இறங்கியிருக்கிறதே, பரவாயில்லை என்றார் டாக்டர். முள்ளம்மா ஒரு படி மேலே போய், "மூச்சை நல்லா இழுத்து, நாலு எண்ணி, மெதுவா விடுங்கண்ணே. நான் அப்படித்தான் பண்ணேன்" என்று அறிவுரை சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார். அதுதான் முள்ளம்மாவைச் சுருக்கென்று குத்தியது. வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு ஆலோசகர் அன்று முடிக்கும்போது ஒரு குண்டைப் போட்டிருந்தாள். "நீங்க எல்லாரும் இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அடுத்த வியாழக்கிழமை நாம வெளிய போறோம். அந்தப் புதுக் கடைவளாகம் இருக்கே, அங்க கண்ணாடி லிஃப்ட் இருக்கு, மொட்டைமாடி டீக்கடையில புறா நிறைய வரும், கீழ பொம்மைக்கடையில பலூன் கட்டியிருக்காங்க. ஒருத்தர் செய்யறதை ஒருத்தர் பாப்போம்."

கைதட்டல் அன்று கொஞ்சம் சுரத்தில்லாமல்தான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் கவலை.

புதன்கிழமை முள்ளம்மா அரைநாள் லீவு போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் போட்ட முதல் லீவு. ஒருமுறையாவது ஏறிப் பழகிவிடலாம் என்று அந்தக் கடைவளாகத்துக்குப் போனாள். கண்ணாடி லிஃப்ட் மேலும் கீழும் போய்வந்தது. உள்ளே இருந்தவர்கள் மீன்தொட்டி மீன் மாதிரி வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க முள்ளம்மா ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். சரி, மொட்டைமாடியையாவது பார்த்துவைப்போம் என்று, நின்று நின்று நாலு மாடி படியேறினாள்.

அங்கே கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள். வெயில் கொளுத்துகிறது, அவர் மழைக்கோட்டு போட்டிருந்தார். தலையில் ஹெல்மெட். கதவை நாலு விரல் அளவு திறந்து, ஒரு பிடி தானியத்தை வெளியே வீசிவிட்டுப் படாரென்று சாத்தினார். புறாக்கள் சிறகடித்து இறங்கியதும் "அய்யோ" என்று பின்னால் பாய்ந்தவர் நேராக முள்ளம்மாவின் மேல் வந்து மோதினார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினால், பல் டாக்டர்.

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"லிஃப்ட்ல வந்தீங்களா?" என்று கேட்டார் அவர்.

முள்ளம்மாவின் நெற்றியில் வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. "படியில" என்றாள். "நீங்க உள்ளங்கையில ஊட்டுனீங்களே?"

"ஊட்டினேன்னு சொன்னேன்" என்றார் டாக்டர்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க ரெண்டு மாடி ஏறிட்டீங்கன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் படிச்சவன் இல்லையா?"

இரண்டு பேருமாகப் படியிறங்கி வந்தால், கீழ்த்தளத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் கேக் கடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். காது இரண்டிலும் பஞ்சு. அதற்குமேல் ஒரு சால்வையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பொம்மைக்கடை அங்கிருந்து ஐம்பதடி தூரம். டாக்டர் பின்னாலிருந்து தோளைத் தொட்டதும் அவள் போட்ட கூச்சலில் பொம்மைக்கடைக்காரரே வெளியே வந்து பார்த்தார்.

"அந்த எழுபது பலூன்?" என்று முள்ளம்மா சத்தமாகக் கேட்டாள்.

கேக் கடைக்காரி ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். "ஊதாத பலூன்க்கா. பாக்கெட்டோட மேல வச்சிருந்தேன். நீங்க பதினாலு மாடிங்கறீங்க, டாக்டர் புறாவுக்குச் சோறு ஊட்டுறாங்க. நான் மட்டும் வெறும் கையோட வர முடியுமா?"

மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். நாளைக்கு மூன்று பேருக்கும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். ஒரே காய்ச்சலா, வேறு வேறா என்று முள்ளம்மா கேட்டாள். யாருக்கு எத்தனை டிகிரி என்பதில் பேச்சு நின்றபோதுதான் பொம்மைக்கடைக்குள்ளிருந்து கருவிப்பெட்டியோடு பூட்டுக்காரர் வெளியே வந்தார். கடையின் பின்கதவுப் பூட்டு மாட்டிக்கொண்டதாம்.

"அண்ணே, வீட்ல அண்ணி போனை எடுத்துச் சொன்னாங்களா?" என்று கேட்டாள் முள்ளம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. மனுஷன் முகம் வெளுத்தது. அதை வெளியே எடுத்தார். இரண்டுமுறை நழுவவிட்டுப் பிடித்தார். ஏழாவது முறை அடித்தபோது காதில் வைத்து, "பூட்டுக் கடை" என்றார். "ம். சாவி உள்ள இருக்கா? ம். அரைமணி நேரத்துல வரேன்." வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.



"எப்பலேர்ந்து எடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"மூணாவது வாரத்துலேர்ந்து. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு. இப்ப எல்லாத்தையும் நானே எடுக்கறேன். வீட்டம்மா தங்கச்சி ஊருக்குப் போயிருக்கா."

"அப்புறம் ஏன் ஏழுன்னு சொன்னீங்க?"

பூட்டுக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. "எத்தனை பயம்னுதானே அந்தப் பொண்ணு கேட்டுச்சு? ஏழு பயம் இருக்கு. எடுத்தீங்களான்னு கேட்கவே இல்லையே."

 ஆறு வாரமாக முள்ளம்மா யாரைத் திரும்பிப் பார்த்து, அப்பாடா நமக்குப் பின்னால் ஒருத்தர் இருக்கிறார் என்று மூச்சுவிட்டாளோ, அந்த மனுஷன் எப்போதோ முன்னால் போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்திருக்கிறார். அவருக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்ததை நினைத்ததும் அவள் காது சுட்டது.

வியாழக்கிழமை காய்ச்சல் இல்லாமல் நாலு பேரும் வந்தார்கள். ஆலோசகர் புதுச் சுடிதாரும் கையில் நோட்டுமாக நின்றாள். பொய் சொன்னவர்களில் வயதில் மூத்தவள் என்று முள்ளம்மாதான் பேச்சை எடுத்தாள். பொத்தானை அமுக்கியது மட்டும்தான் நிஜம், மீதி எல்லாம் எலக்ட்ரீஷியன் சொன்னது என்றாள். பின்னாலேயே டாக்டரும் கேக் கடைக்காரியும் அவரவர் பங்கைக் கொட்டினார்கள்.

திட்டுவாள், இல்லாவிட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். ஆலோசகர் பக்கத்துப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க கிளினிக்ல மொத்தம் நாலு குழு" என்றாள். "என் கூடப் படிச்சவளும் ஒண்ணு நடத்தறா. அவ குழுவுல எல்லாரும் மூணுக்கு வந்துட்டாங்கன்னு சொன்னா. நான் பெரிய மேடத்துக்கு, என் குழுதான் முதல்னு எழுதி அனுப்பிட்டேன். அவங்க மத்த மூணு குழுவுக்கும் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. வர திங்கக்கிழமை."

 கேக் கடைக்காரி கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து நீட்டினாள். பூட்டுக்காரர் சட்டைப்பையைத் துழாவி அந்தச் சீட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். "மூச்சை நல்லா இழுத்து, நாலு எண்ணி, மெதுவா விடும்மா. இது நிஜமாவே வேலை செய்யுது."

ஆலோசகர் இழுத்து விட்டாள். "எத்தனை பயம்?" என்று கேட்டார் டாக்டர். "ஒம்போது" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. திங்கட்கிழமை பேசத்தான் பேசினாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள் என்றும், அதைக் கேட்டுக் கூடப் படித்தவளின் குழுவிலும் இரண்டு பேர் எழுந்து தங்கள் நம்பரைத் திருத்திக்கொண்டார்கள் என்றும் பின்னால் கேள்வி.

ஆனால் அந்த வியாழக்கிழமை வந்தது வந்தோம் என்று லிஃப்டில் ஏறிப் பார்ப்பதாக முடிவாயிற்று. ஐந்து பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். முள்ளம்மா நடுவில், டாக்டரின் மழைக்கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு மாடி. கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே விழுந்தாள். உயிரோடுதான் இருந்தாள். பயம் எட்டு இருந்தது; எட்டு என்றே சொன்னாள்.

வெளியே வந்ததும் சண்டை வந்தது. தரைத்தளத்திலிருந்து முதல் மாடி என்றால் அது ஒன்று என்று முள்ளம்மா வாதாடினாள். தரையையும் சேர்த்தால் இரண்டு தளம், மூன்றாவது வாரம் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது என்று டாக்டர் சமாதானம் சொன்னார். ஒன்று என்றால் ஒன்றுதான் என்று அவள் பிடித்த பிடியை விடவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாசம் ஆயிற்று அக்கா வீட்டுக்குப் போக. வியாழக்கிழமைக் குழுவையும் விடாத முள்ளம்மா, தனக்கென்று ஒரு முறை கண்டுபிடித்திருந்தாள். ஒரு மாடி போவாள், இறங்குவாள், மூச்சு விடுவாள், மறுபடி ஏறுவாள். ஒன்பது மாடிக்கு இருபத்தாறு நிமிஷம். நடுவில் ஏறிய ஒரு ஆள், "நீங்க எந்த மாடிம்மா?" என்று கேட்டார். "எல்லா மாடியும்தான்" என்றாள். வீட்டுக்காரர் ஒன்பதாவது மாடியில் ஏற்கெனவே போய் நின்றுகொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். பார்த்தால் வம்பு என்று அவருக்குத் தெரியும்.

அக்கா கதவைத் திறந்தாள். தங்கையைக் கண்டதும் உதடு துடித்தது. அதை மறைக்க, "செருப்பை வெளிய விடுடி, இப்பதான் துடைச்சேன்" என்றாள். சமையல்கட்டைக் காட்டினாள். ஒவ்வொரு இழுப்பறையையும் இழுத்துக் காட்டினாள். முள்ளம்மா எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தன் வீட்டு இழுப்பறை இவ்வளவு சத்தமில்லாமல் மூடாதே என்று நினைத்துக்கொண்டாள்.

"வா, பால்கனியைப் பாரு. ஊரே தெரியும்" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

முள்ளம்மா ஒரு காலை வெளியே வைத்தாள். கீழே ஸ்கூட்டர்கள் எறும்பு மாதிரி தெரிந்தன. வைத்த காலை மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டு, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் முள்ளம்மா. "இது எட்டரை இருக்கும்னு தோணுது. வியாழக்கிழமை கேட்டுட்டு வரேன்."